ஜெஃபியில் நோடுகளும் லேபிள்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க என்ன செய்வது?

வலைப்பின்னல் படம் வரையும் மென்பொருளான ஜெஃபியில் 600 நோடு (புள்ளிகள்), 3000 எட்ஜ் (அவற்றை இணைக்கும் கோடுகள்). நோடுகளை இடம் பார்த்து அடுக்கும் 'ஃபோர்ஸ் அட்லஸ் 2' லேஅவுட்டை ஓட்டினால் நடுவில் கட்டியாகத் திரண்டுவிடுகிறது, ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் இருக்கும்.

இந்த லேஅவுட் நோடுகளை பருமனே இல்லாத வெறும் புள்ளிகளாகவே கணக்கிடுகிறது. 'பிரிவென்ட் ஓவர்லாப்' டிக் செய்தால் மட்டுமே அளவு கணக்கில் வரும். அதைத் தொடக்கத்திலேயே டிக் செய்யாதீர்கள். நோடுகள் முட்டிக்கொண்டு வழிமறிக்கும். தன் குழுவுக்குப் போகவேண்டியது பாதியில் சிக்கிக்கொள்ளும்.

முதலில் டிக் இல்லாமல் ஓட்டுங்கள். 100 நோடுகளுக்கு மேல் 'ஸ்கேலிங்' (நோடுகள் ஒன்றையொன்று தள்ளும் விசை) 2 என்றுதான் தொடங்கும். அதை 10, 20, 50 என்று ஏற்றிப் பாருங்கள். 'கிராவிட்டி' 1 போதும், கூட்டினால் எல்லாம் நடுவுக்கே இழுபடும். குழுக்கள் பிரியவில்லையா? குழுக்களை இறுக்கிப் பிரித்துக் காட்டும் 'லின்லாக்' மோடைப் போட்டு ஸ்கேலிங்கை மறுபடி சரிபாருங்கள். ஆட்டம் அடங்கியதும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும், தானாக நிற்காது.

அதன்பிறகே டிகிரிப்படி (ஒரு நோடுக்கு எத்தனை எட்ஜ் என்பதன்படி) நோடு அளவு கொடுங்கள். 10 மடங்கு அளவு என்றால் பரப்பு 100 மடங்கு! 4 முதல் 20 வரை போதும் என்பேன். இப்போது 'எக்ஸ்பான்ஷன்'. ஒவ்வொரு முறையும் தூரம் 1.2 மடங்காகும், நோடு அளவு மாறாது; நான்கு முறை அழுத்தினால் இடைவெளி இரண்டு மடங்கு. மிச்சமுள்ள மோதலை 'நோஓவர்லாப்' தீர்க்கும். எக்ஸ்பான்ஷன் இல்லாமல் நேராக இதற்குப் போனால் நெரிசலான இடத்தில் நோடுகள் கண்டபடி தள்ளப்பட்டு, யார் யாருக்கு அருகில் என்ற பொருளே கெட்டுவிடும்.

லேபிள்களைக் காட்டவைத்த பின் கடைசியாக 'லேபிள் அட்ஜஸ்ட்'. இறுதிப் படத்தைக் காட்டும் ப்ரிவ்யூவில் எழுத்துரு அளவு வேறாக இருந்தால் மீண்டும் ஏறிக்கொள்ளும், அங்கேயும் பாருங்கள். 600 பெயர் ஒரு படத்தில் எப்படியும் படிக்க வராது. டிகிரி அதிகமுள்ள 40, 50-க்கு மட்டும் லேபிள் வையுங்கள்.

ஜெஃபிக்குப் பதில் பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் வரைகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே ஸ்பிரிங் லேஅவுட்டில் 'கே'யை (நோடுகளுக்கு இடையே வேண்டிய தூரத்தை) கூட்டினாலும் முடிவில் எல்லாம் -1 முதல் 1 வரை சுருக்கப்படும். படத்தின் அளவை 6.4×4.8 அங்குலத்திலிருந்து 16×12 ஆக்குவதே முதல் வேலை. நோடு அளவு 300 என்பதையும் 60 அளவுக்குக் குறையுங்கள்.

நோடுகளின் மேல் ஓடும் எட்ஜுகளை இவை எதுவும் விலக்காது. எடை (இணைப்பின் வலு) குறைந்த எட்ஜுகளை வடிகட்டுங்கள். அவையும் வேண்டுமென்றால் நோடு-எட்ஜ் படத்தை விட்டு அணியாக (மேட்ரிக்ஸ் கட்டங்களாக) வரைவதே நேர்மையான வழி.