எந்த விதிக்கு விலக்கு?

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

பத்தமடையிலிருந்து எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருஷம். பள்ளிப் படிப்பெல்லாம் தமிழ்வழி. வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது தனித்துத் தெரிய வேண்டும் என்று இணையத்தில் கிடைத்த பட்டியலிலிருந்து சொற்களை எடுத்துப் போட்டேன்: 'ஐ ஆம் எ கான்ஸ்பிக்யுவஸ் அண்ட் எக்ரீஜியஸ் ஸ்டூடன்ட் வித் எக்ஸப்ஷனல் நாலெட்ஜ். ஐ மெயின்டெய்ன் அவுட்ஸ்டாண்டிங் அக்கவுன்ட்ஸ் ஃபார் எ மேட் வீவர்ஸ் குரூப்.' இந்தச் சொற்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தித் தருவீர்களா? எங்களைப் போன்றவர்களை ஆங்கிலம் ஏன் இப்படி ஓரங்கட்டுகிறது?

கா., பத்தமடை

அன்புள்ள தம்பி,

விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. அந்த இரண்டு வாக்கியங்களும் உனக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

'எக்ரீஜியஸ்' லத்தீனில் மந்தையை விட்டு விலகி நிற்பதைக் குறித்தது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் புகழ்ச்சியாக இருந்தது. இன்றைக்குப் பிழை, மீறல், பொய் போன்றவற்றோடுதான் சேரும். மன்னிக்க முடியாத அளவுக்கு மோசம் என்று பொருள். பெரிய அகராதிகள் பழைய பொருளை 'வழக்கொழிந்தது' என்ற குறிப்போடு தருகின்றன. பட்டியல் போட்டவர் குறிப்பை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார். 'கான்ஸ்பிக்யுவஸ்' கண்ணில் படுவதைச் சொல்லும், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. வெள்ளைச் சட்டையில் மைக்கறையும் கான்ஸ்பிக்யுவஸ்தான். 'அவுட்ஸ்டாண்டிங் அக்கவுன்ட்ஸ்' என்றால் என்ன என்று வணிகவியல் படிக்கிற உனக்கா நான் சொல்ல வேண்டும்? நிலுவைக் கணக்கு! பாய் நெய்யும் அம்மாமாரின் குழுவுக்கு நீ பொறுப்பாகப் பார்த்த கணக்கை, பாக்கி விழுந்த கணக்கு என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

தமிழ்வழி பற்றிய உன் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்தத் தவறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலவழியில் படித்தவர்களும் இதே பட்டியல்களை எடுத்து இதே குழியில்தான் விழுகிறார்கள்.

வரிசை கேட்கிறாய். உன் சொற்களும் அந்தப் பட்டியல்களில் அவற்றோடு வரும் சொற்களும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. 'நோட்டிசபிள்' என்றால் கவனித்தால் தெரியும், அவ்வளவுதான். மாற்றம், முன்னேற்றம், குறைவு ஆகியவற்றோடு வரும். 'ஸ்ட்ரைக்கிங்' பார்த்த மாத்திரத்தில் தாக்குவது. ஒற்றுமை, வேற்றுமை இரண்டுக்கும் பொருந்தும். 'ப்ராமினன்ட்' இருக்கிற இடத்தாலோ பதவியாலோ முன்தள்ளித் தெரிவது. 'சேலியன்ட்' கருத்துக்கும் கூறுக்கும் உரியது, ஆளுக்குப் போடாதே. 'எமினன்ட்' பல ஆண்டு உழைத்துத் துறையில் பெயர் எடுத்தவருக்கு. 'நொட்டோரியஸ்' கெட்ட பெயருக்கு. இவற்றைப் படிப்படியாக அடுக்க முடியாது.

நான் நின்று பேச விரும்புவது 'எக்ஸப்ஷனல்' பற்றி. எல்லோரும் அள்ளித் தெளிக்கிற சொல் அதுதான். எக்ஸப்ஷன் என்றால் விலக்கு. விதி இல்லாமல் விலக்கு கிடையாது. 'எந்த விதிக்கு?' என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை இதைச் சரியாகச் செய்கிறது. ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. இவை வெறும் அளவுகள், எந்த ஊருக்கும் ஒன்றுதான். 'எக்ஸப்ஷனலி ஹெவி' என்பதற்கு மட்டும் அவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள். அந்த நிலையத்திலோ அதன் அருகிலோ அந்த மாதத்தில் அல்லது பருவத்தில் இதுவரை பதிவான உச்சத்தை ஒட்டி மழை பெய்திருக்க வேண்டும், 12 செ.மீ.யையும் தாண்டியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு ஆகிய ஊர்களில் ஒரே நாளில் 12 செ.மீ. பெய்வது புதிதல்ல. அதே மழை, வறண்ட இராதாபுரம் பக்கம் இறங்கினால் கதை வேறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, ஆண்டு முழுக்க அங்கே பெய்யும் சராசரியையே அது மிஞ்சியது. அதற்கு அந்தச் சொல் தகும். பதிவேடு இருந்தது, விதி தெரிந்திருந்தது, விலக்கும் தெரிந்தது.

உன் ஊரிலேயே இன்னொன்று இருக்கிறது. கோரைப் பாயைச் சுருட்டத்தான் முடியும், மடித்தால் கோரை ஒடியும். இது விதி. கோரையை நூலாகக் கீறி நெய்த பத்தமடைப் பட்டுப்பாய் துணிபோல மடியும். அதை எக்ஸப்ஷனல் என்று எழுது, எவரும் மறுக்க முடியாது. 'எக்ஸப்ஷனல் நாலெட்ஜ்' என்கிறாயே, எந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டாய்? கூடவே ஒரு எச்சரிக்கை: 'எக்ஸப்ஷனபிள்' என்று கைதவறி எழுதினால் ஆட்சேபத்துக்குரியது என்று பொருளாகிவிடும்.

பட்டியல்களின் மூலக்கதையையும் தெரிந்துகொள். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸில் சொற்கள் கருத்துவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. பொருள் விளக்கம் கிடையாது. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது எடுத்துக் கொடுக்கும் கருவி அது. அதை வைத்துப் புதுச் சொல் கற்க முடியாது. புதுச் சொல் கண்டால், மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார். அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன பெயர்ச்சொற்கள் வருகின்றன என்று நாலைந்தை எழுதிக்கொள். எல்லாம் பிழையும் குற்றமுமாக இருந்தால் உன் பெயருக்குப் பக்கத்தில் அதை வைக்காதே. 'வழக்கொழிந்தது', 'முறையான நடை' போன்ற குறிப்புகளைத் தாண்டிப் போகாதே. இதற்கு ஒரு சொல்லுக்குச் சில நிமிஷம் ஆகும். அந்தப் பொறுமைகூட இல்லை என்றால் 'குட்' போதும், அதனால் யாருக்கும் வேலை போகாது.

இப்போது விண்ணப்பத்துக்கு வா. முதல் வாக்கியத்தை முழுக்க அடி. இரண்டாவதில் 'அவுட்ஸ்டாண்டிங்'கை எடுத்துவிட்டு, என்ன செய்தாய் என்று எழுது: எந்த ஆண்டிலிருந்து கணக்குப் பார்க்கிறாய், ரொக்கப் புத்தகமும் பேரேடும் கையாலா கணினியிலா, கோரைக்கும் சாயத்துக்கும் கொடுத்த முன்பணத்தை எப்படி நேர் செய்தாய், வங்கிப் புத்தகத்தோடு மாதா மாதம் ஒப்பிட்டாயா, தணிக்கை நடந்ததா. கல்லூரியில் படிக்கும்போதே ஒரு குழுவின் பணத்தைக் கையாண்டிருக்கிறாய் தம்பி. விண்ணப்பத்தைப் பிரிக்கிறவர் தேடுவது அதைத்தான், நீ அதைப் போய் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய். குழுவில் எத்தனை பேர் என்று எனக்கு எழுதிய கடிதத்தில்கூடச் சொல்லவில்லை. அந்த எண்ணை முதல் வரியில் போட்டு எழுதி எனக்கு அனுப்பு, ஆங்கிலத்தை நான் பார்த்துத் தருகிறேன்.