கசப்புக் கீரை போட்ட இத்தாலியப் பாஸ்தா: கசப்பு தூக்கலாகாமல், எண்ணெய் பிரியாமல் செய்வது எப்படி?

இந்தப் பாஸ்தாவை வீட்டில் செய்பவர்கள் சொல்லும் குறைகள் இரண்டு: கசப்பு தாங்கவில்லை, கீரை ஒரு பக்கமும் பாஸ்தா ஒரு பக்கமுமாக எண்ணெயில் மிதக்கிறது. கீரையைத் தனியாக வாணலியில் வதக்கி, வெந்த பாஸ்தாவை அதில் கொட்டிக் கிளறினால் இந்த இரண்டு குறைகளும் சேர்ந்தே வரும். இந்த உணவின் சொந்த ஊர் இத்தாலியின் தென்கிழக்கில் உள்ள பூலியா. அங்கே கீரையும் பாஸ்தாவும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில் வேகும். அதை விட்டுவிட்டால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

கீரையின் பெயர் சீமே தி ராப்பா. அமெரிக்கா, கனடா கடைகளில் ராப்பீனி என்றோ புரோக்கோலி ராப் என்றோ கிடைக்கும். குளிர்காலக் கீரை, டர்னிப் இனம். பாஸ்தா ஓரெக்கியெத்தே: கட்டைவிரல் நுனி அளவில் குழிந்த காது மடல் வடிவம். அந்தக் குழியில்தான் கீரை மசிந்து உட்காரும்.

நான்கு பேருக்கு: காய்ந்த ஓரெக்கியெத்தே 400 கிராம், கீரை 1 கிலோ (ஆய்ந்தால் பாதிதான் தேறும்), ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, எண்ணெயில் ஊறிய ஆஞ்சோவி (உப்பில் பதப்படுத்திய சிறு மீன்) துண்டு 6, பூண்டு 3 பல், காய்ந்த மிளகாய் 1, பழைய ரொட்டித் தூள் 50 கிராம்.

கீரையில் இளம் இலையும் மொட்டும் மெல்லிய தண்டும் போதும். நகத்தால் கிள்ளி, சட்டென்று ஒடியாத தண்டை எறிந்துவிடுங்கள். மஞ்சள் பூ விரிந்திருந்தால் கீரை முற்றிவிட்டது என்று பொருள், வாங்க வேண்டாம். முன்கூட்டியே பொடியாக அரிந்து வைக்காதீர்கள். கடுகு இனக் கீரைகளை வெட்டும்போது உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கி, கடுகு நெடி ஏறும். கொதிநீரில் விழுந்ததும் அது அடங்கிவிடும். அதனால் கையால் இரண்டு மூன்றாகக் கிள்ளி, உடனே பானைக்கு.

தண்ணீர் 4 லிட்டர் வேண்டும். கசப்பைத் தரும் பொருள்கள் தண்ணீரில் கரைபவை. பானை சிறிதானால் அதே கசப்பு குறைந்த தண்ணீரில் செறிந்து, பாஸ்தா அதையே குடிக்கும். 2 லிட்டர் பாத்திரத்தில் செய்துவிட்டுக் கீரையைக் குறை சொல்பவர்கள் அதிகம். உப்பு லிட்டருக்கு 8 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றேகால் டீஸ்பூன். ஆஞ்சோவியிலும் உப்பு உண்டு, அதற்கு மேல் போடாதீர்கள்.

கொதித்ததும் பாஸ்தாவைப் போடுங்கள். பாக்கெட்டில் 12 நிமிடம் என்றிருந்தால் நாலாவது நிமிடம் தண்டு, ஆறாவது நிமிடம் இலையும் மொட்டும். புதிதாகப் பிசைந்த பாஸ்தா என்றால் வரிசை மாறும்: கீரை முதலில் 4 நிமிடம், பிறகு பாஸ்தா 5 நிமிடம். பச்சை நிறம் மங்குகிறதே என்று கீரையை முன்பே எடுத்துவிடாதீர்கள். இங்கே கீரைதான் குழம்பு. அது குழைந்து உதிர்ந்தால்தான் பாஸ்தாவில் ஒட்டும்.

இன்னொரு அடுப்பில் அகலமான வாணலியில் எண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகாய், ஆஞ்சோவி எல்லாவற்றையும் சூடேறும் முன்பே போட்டுச் சிறுதீயில் வையுங்கள். மரக்கரண்டியால் கலைத்தால் ஆஞ்சோவி இரண்டு மூன்று நிமிடத்தில் கரைந்துவிடும். தீ கூடினால் அது பொரிந்து அடிப்பிடிக்கும், பூண்டும் கருகும். கருகிய பூண்டின் கசப்பைப் பலர் கீரையின் கசப்பென்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைப் பிறகு எதைக் கொண்டும் மறைக்க முடியாது. ஆஞ்சோவிக்குப் பதில் நெத்திலிக் கருவாடு சரிவராது. உப்பில் பதமான மீன் எண்ணெயில் கரையும். வெயிலில் காய்ந்தது கரையாமல் நெடியை மட்டும் விடும். சைவம் என்றால் கேப்பர் (உப்பிலோ வினிகரிலோ ஊறிய பூமொட்டு) ஒரு ஸ்பூன் நறுக்கிப் போடலாம்.

பாஸ்தா வேக ஒரு நிமிடம் இருக்கும்போதே ஓட்டைக் கரண்டியால் கீரையோடு அள்ளி, ஈரம் சொட்டச் சொட்ட வாணலியில் போடுங்கள். வடிதட்டில் ஒட்ட வடித்தால் மாவுச்சத்து கலந்த தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். எண்ணெய் பிரிந்து நிற்பதற்குக் காரணமே அதுதான். பானைத் தண்ணீர் அரைக் கப் ஊற்றி, தீயைக் கூட்டி, இரண்டு நிமிடம் விடாமல் குலுக்கிக் கிளறுங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பளபளப்பான பூச்சாக மாறும்.

ரொட்டித் தூளை ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, தட்டில் பரிமாறிய பிறகே தூவ வேண்டும். முன்பே கலந்தால் ஊறிக் கூழாகும். சீஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆஞ்சோவியின் உப்பும் மிளகாயின் காரமும் கசப்போடு நேருக்கு நேர் நிற்கும் உணவு இது. சீஸ் வந்தால் மூன்றுமே மழுங்கிவிடும்.

அப்படியும் கசப்பு அதிகமென்றால், பாதிக் கீரையை மட்டும் வேறு தண்ணீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். முழுவதையும் அப்படிச் செய்தால் சப்பென்று போகும்.

ராப்பீனி கிடைக்காத ஊரில் கடுகுக் கீரை இரண்டு பங்கு, புரோக்கோலி ஒரு பங்கு சேர்த்தால் இலையும் மொட்டும் கிடைக்கும். முள்ளங்கி இலையும் ஒத்துவரும், கசப்பு சற்றுக் குறைவு. வெந்தயக் கீரையைத் தவிருங்கள். அதன் வாசனை மற்றதை எல்லாம் அமுக்கிவிடும்.

பாஸ்தாவைக் கையால் செய்யும் ஆசை இருந்தால், துரும் என்னும் கடினக் கோதுமையை இருமுறை நைசாக அரைத்த ரவை 400 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லி, முட்டை கிடையாது. உப்புமா ரவை பருமன் அதிகம், மாவு திரளாமல் உதிரும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, அரை மணி மூடி வைத்து, விரல் கனத்தில் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, மழுங்கிய கத்தியால் மரப்பலகையில் உங்கள் பக்கம் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்து எடுக்க வேண்டும். கிரானைட் மேடையில் மாவு வழுக்கும், சொரசொரப்பு வராது. துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் உலரவிட்ட பிறகே பானையில் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.