பானட் ஷாக்: எத்தனை நியூட்டன் போதும்?

வாசகர் கேள்வி – பதில்

கார் பானட்டைத் (இன்ஜின் மூடியை) தாங்கும் ஸ்டாண்டு கம்பிக்குப் பதிலாக கேஸ் ஷாக், அதாவது அடைபட்ட கேஸின் அழுத்தத்தால் பானட்டைத் தாங்கும் குழாய், பொருத்துவது பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது போலோ ஜிடி கார். கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி 300 நியூட்டன் (தள்ளும் பலத்தின் அளவு) ஷாக் ஒரு ஜோடி காட்டினார்கள். "பவர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

வாங்க வேண்டாம். பானட் ஷாக்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அளவுக்கு மீறிய பலத்தால் வருபவைதான். மூடியிருக்கும் பானட்டைப் பின்னால் கீலும் முன்னால் லாக்கும் மட்டுமே பிடித்திருக்கின்றன. நடுவில் இரு ஓரங்களிலும் ஷாக் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதல் அதிகமானால் தகடு மெல்ல மெல்ல வளைந்து, ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) பானட்டுக்கும் இடையிலான கேப் ஒரு பக்கம் வாய் பிளக்கும். அப்புறம் டிங்கரிங் செலவுதான்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்பதை பானட்டைக் கழற்றாமலே கணக்குப் போடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். லாக்கை விடுவித்து, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கியை பானட்டின் முன்விளிம்பில் நடுவாக மாட்டி, பானட் கிடைமட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும் நேர் மேலே தூக்குங்கள். தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஸ்டாண்டு கம்பியில் பானட்டை முழுதாகத் திறந்து வைத்து, முன்விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அந்த நூலுக்கும் கீலுக்கும் உள்ள கிடைமட்டத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கடைசியாக, ஷாக்கின் இரண்டு முனைகள் வரப்போகும் இடங்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டி, கீலின் மையத்திலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்துத் தூரத்தை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, தராசு 7 கிலோ, கிடைமட்டத் தூரம் 57 செ.மீ., செங்குத்துத் தூரம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7 × 9.81 × 0.57 = சுமார் 39 (9.81 என்பது கிலோவை நியூட்டனாக மாற்றும் எண்). இதை இரண்டு ஷாக்குக்கும் சேர்த்து 0.34-ஆல் (0.17 × 2) வகுத்தால், ஒவ்வொன்றுக்கும் 115 நியூட்டன். இது பானட்டைச் சரியாகச் சமன் செய்யும் அளவு மட்டுமே. 20 சதவீதம் கூட்டினால் 138. கடையில் 140 அல்லது 150 கேளுங்கள். இந்த பானட்டுக்கு 300 போடுவது தேவையைப் போல் இரண்டரை மடங்கு.

ஷாக்கின் குழாயில் நியூட்டன் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத ஷாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நீளத்தையும் பாருங்கள். முழு நீளம் 400 மி.மீ., ஓட்டம் (தண்டு உள்ளே போய்வரும் தூரம்) 150 மி.மீ. என்றால், அது 250 மி.மீ.க்குக் கீழே சுருங்காது. பானட் மூடிய நிலையில் இரு முனைகளுக்கும் இடையே குறைந்தது 260 மி.மீ. இருந்தாக வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். சேலத்தில் பொருத்திய 140 நியூட்டன் ஷாக். மாலையில் மலையேறி வந்ததும் பானட் கம்பீரமாக நிற்கிறது. மறுநாள் காலை ஆயில் பார்க்கத் திறந்தால் மெல்ல இறங்கித் தலையில் இடிக்கிறது. மலை உயரத்தில் கேஸ் குறைந்துவிடுமா?
– வாசகர், ஏற்காடு

உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றே சொல்லலாம். 6 மி.மீ. தண்டு கொண்ட 140 நியூட்டன் ஷாக்கின் உள்ளே நைட்ரஜன் ஏறத்தாழ 50 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது 0.16 பார் அளவுதான். அதனால் ஷாக்கின் பலம் அரை நியூட்டன் கூடத்தான் செய்யும், குறையாது.

உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இரண்டு. முதலாவது குளிர். ஷாக்கில் அச்சிட்ட பலம் 20 டிகிரி செல்சியஸில் அளந்தது. 10 டிகிரி குறைந்தால் பலம் சுமார் 3.4 சதவீதம் குறையும், 10 டிகிரி கூடினால் அதே அளவு கூடும். மாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த வண்டியின் இன்ஜின் அறை கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது ஷாக்கும் சூடாக இருப்பதால் பலமாகத் தாங்குகிறது. மார்கழிக் காலையில் அதே ஷாக் 10 டிகிரிக்கு வந்திருந்தால் 140 என்பது 135 ஆகிவிடும்.

இரண்டாவது காரணம் பெரியது, ஆனால் பலர் கவனிப்பதில்லை. வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது? மலை வீடுகளில் வாசல் சமதளமாக இருப்பது அபூர்வம். முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் திறந்த பானட் முன்னோக்கிச் சாய்ந்து, அதன் சுமை கீலிலிருந்து விலகிப் போகும். மேலே சொன்ன உதாரணத்தில் வெறும் 8 டிகிரிச் சரிவுக்கே 57 செ.மீ. என்பது 68 செ.மீ. ஆகிறது. ஷாக் ஒவ்வொன்றுக்கும் தேவை 115-லிருந்து 137 நியூட்டனுக்கு ஏறுகிறது. உங்கள் பானட்டும் ஏறத்தாழ இந்தக் கணக்கில் இருந்தால், தேவை 137, கையில் இருப்பது 135. இறங்காமல் என்ன செய்யும்?

வண்டியைத் திருப்பி, முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, காலையில் திறந்து பாருங்கள். அசையாமல் நின்றால் ஷாக் நல்ல நிலையில்தான் இருக்கிறது, அளவுதான் போதவில்லை. மலையில் இருப்பவர்கள் சமதளக் கணக்கின் மேல் 20 சதவீதம் அல்ல, 35 முதல் 40 சதவீதம் கூட்டுங்கள். இந்த உதாரணத்துக்கு 160. மேட்டைப் பார்த்து நின்றும் இறங்கினால் ஷாக்கில் கேஸ் கசிந்துவிட்டது, ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் பலம், மறுபக்கம் பலவீனம் என்றாகி பானட் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: 2016-ல் வந்த மஸ்டாங் கார். அந்த வண்டிக்கென்றே உள்ள பானட் ஷாக் கிட் வாங்கியிருக்கிறேன். வீட்டிலேயே பொருத்தலாமா? எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், சூரமங்கலம்

தாராளமாகப் பொருத்தலாம். உதவிக்கு ஒருவர், இரண்டு மணி நேரம், 10-ம் நம்பர் மற்றும் 13-ம் நம்பர் சாக்கெட், சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவர், டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்), மாஸ்கிங் டேப், நீல நிற லாக்டைட் (போல்ட்டு தளராமல் பிடிக்கும் பசை). இவ்வளவு போதும். அந்த வண்டியின் பானட் அலுமினியம். காந்தம் வைத்தால் ஒட்டாது. அதனால் இரும்புத் தகடு மாதிரி முரட்டுத்தனத்தைத் தாங்காது என்பதை மனதில் வையுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறியபின், சமதளத்தில், ஸ்டாண்டு கம்பி போட்டபடியே தொடங்குங்கள். ஃபெண்டர் விளிம்பிலும் பானட்டின் பின்மூலைகளிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீல் போல்ட்டைத் தொடும் முன், கீல் தகடு பானட்டில் உட்கார்ந்திருக்கும் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோடுதான் உங்கள் காப்பு. பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு போல்ட்டு மட்டும் கழற்றி, பிராக்கெட்டை வைத்து, கையால் முறுக்கி விட்டு, அடுத்ததற்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் பானட் ஒரு மி.மீ. நகர்ந்துவிடும். அந்த ஒரு மி.மீ.யைத் திரும்பப் பிடிக்க அரைநாள் ஆகும்.

கீழ் பிராக்கெட் ஃபெண்டர் போல்ட்டில் வரும். அங்கேயும் இதே முறை. கிட்டுடன் வந்த தாளில் முறுக்கு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் எம்6 (6 மி.மீ. விட்ட) போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத்தில் மரை ஒருமுறை சிதைந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

ஷாக்கைத் தடித்த குழாய் மேலே, மெல்லிய தண்டு கீழே வருமாறு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய், தண்டு வெளிவரும் வாயில் உள்ள ரப்பர் சீலை (seal) நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து கேஸ் விரைவில் கசியும். முனையில் உள்ள கிண்ணத்தின் கம்பி கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் 2 அல்லது 3 மி.மீ. மட்டும் நெம்பி, பிராக்கெட்டில் உள்ள பந்தின் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கிளிப்பை முழுதாக வெளியே இழுத்தால் அதன் இறுக்கம் போய்விடும். பந்தின் மேல் ஒரு துளி லித்தியம் கிரீஸ் போதும். பந்து 10 மி.மீ., கிண்ணம் 8 மி.மீ. என்று பொருந்தாமல் வந்திருந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள், கிட்டையே மாற்றிக் கேளுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். முதல்முறை மூடும்போது வேகமாக அறையாதீர்கள். ஒரு பக்க ஷாக்கை மட்டும் மாட்டி, பிராக்கெட், பந்து, பேட்டரி மூடி, வயர் கட்டு இவற்றின் மேல் பிள்ளைகள் விளையாடும் கிளேயை உருண்டையாக வைத்து, பானட்டை மெல்ல இறக்குங்கள். வழியில் எங்கேயாவது கெட்டியாக நின்றால் அதற்குமேல் அழுத்தவே கூடாது. அங்கே ஷாக் முழுக்கச் சுருங்கிவிட்டது அல்லது ஏதோ இடிக்கிறது. திறந்து பார்த்தால், நசுங்கிய உருண்டை எது என்பதே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நசுங்கிய பின் 5 மி.மீ. கனமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஓடும் வண்டியில் இன்ஜின் ஆடும் என்பதை மறக்காதீர்கள்.

சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுக்குப் பஞ்சமில்லை. துருப்பிடிக்காதே என்று அதை இங்கே போட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டு கெடாது, அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் அரிக்கும். அடிக்கடி மலைக்குப் போய் மூடுபனியில் வண்டி நின்றால் இன்னும் சீக்கிரம். துத்தநாகம் பூசிய போல்ட்டும், பிராக்கெட்டுக்கும் பானட்டுக்கும் நடுவே மெல்லிய நைலான் வாஷரும் போடுங்கள்.

கேள்வி: ஷாக் பொருத்தி ஒரு வாரம். டிரைவர் பக்கம் பானட் ஓரம் 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. லாக்கும் ஒரே தடவையில் விழுவதில்லை.
– வாசகர், ஓமலூர்

முதலில் இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். ஓரம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஷாக்கின் பலமோ பிராக்கெட் இடமோ தவறு. ஷாக் இல்லாமலும் தூக்கி நின்றால் கீல் நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தூக்குவதால் அந்தப் பக்கத்துப் பிராக்கெட் மற்றதைவிட முன்னால் தள்ளி இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். முன்னால் உள்ள ரப்பர் தாங்கிகளைத் திருகி இறக்கி, லாக்கைக் கீழே இழுத்துச் சரிசெய்வது சில பட்டறைகளில் நடக்கிறது. அது நோயை மறைக்கும் வேலை.

லாக் விழாததற்கு, மூடும் விதமும் காரணமாக இருக்கலாம். ஷாக் உள்ள பானட்டை உயரத்திலிருந்து விட்டால் தானாக வேகமெடுக்காது. ஒரு சாண் உயரம் வரை இறக்கி, லாக்கின் நேர் மேலே இரு உள்ளங்கையையும் விரித்து வைத்து அழுத்துங்கள். பானட்டின் நடுவில் அழுத்தினால் குழி விழும். பிறகு விளிம்பைப் பிடித்து மேலே இழுத்து, லாக் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி விழுந்த லாக்கில் வண்டி ஓட்டினால் பானட்டைப் பிடித்திருப்பது பாதுகாப்புக் கொக்கி ஒன்றுதான், கீழிருந்து ஷாக் வேறு தள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கி தானாகத் திரும்புகிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்து, இறுகியிருந்தால் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: ஷாக் தண்டில் எண்ணெயும் சாம்பல் நிறப் பசையும் படிகிறது. தண்டுக்கு கிரீஸ் தடவலாமா? கேஸ் திரும்ப நிரப்பித் தருவார்களா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பு. சொட்டும் அளவுக்கு இருந்தால் சீல் போய்விட்டது. கிரீஸ் தடவினால் தூசு ஒட்டிக்கொண்டு அதுவே உப்புத்தாள் மாதிரி சீலைத் தேய்க்கும். மாக்னசைட் சுரங்கப் பக்கம் போய்வரும் வண்டிகளில் இது கண்கூடு. மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் தண்டைத் துடையுங்கள். அதைக் குறடால் பிடிக்கவோ, பெயிண்ட் அடிக்கவோ கூடாது. நகம் தட்டுப்படும் ஒரு கீறல் போதும், கேஸ் முழுக்கப் போய்விடும்.

பானட் ஷாக் நிரப்பிப் பயன்படுத்தும் பொருள் அல்ல. பழையதைத் துளைப்பது, அறுப்பது, தீயில் போடுவது மூன்றும் ஆபத்து. பானட்டைத் தாங்காத ஷாக்கிலும் உள்ளே பல பார் அழுத்தம் மிச்சமிருக்கும். பழைய இரும்புக் கடையில் போடும்போது அது கேஸ் ஷாக் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஷாக் வந்தபின் ஸ்டாண்டு கம்பியைக் கழற்றிவிடலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

வேண்டாம், அதன் இடத்திலேயே மடித்து வையுங்கள். ஷாக் மாற்றும் நாளிலும், இன்ஜினுக்குள் குனிந்து நெடுநேரம் வேலை பார்க்கும்போதும் அது தேவைப்படும். கம்பியை மாட்டும் துளையை ஷாக் பிராக்கெட் மறைக்கிறதா என்று மட்டும் பொருத்தும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.