ஒரே மாதிரி பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருவது எழுதுபவரின் சோம்பேறித்தனமா?

சினிமா, டிவி சீரியல், கதை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பாத்திரங்களே வருகின்றன என்று கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அழுதுகொண்டே இருக்கும் அம்மா, மீசை முறுக்கும் பண்ணையார், கதாநாயகனோடு ஒட்டிக்கொண்டு திரியும் காமெடி நண்பன், சமையலறைக் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கும் மாமியார். "இத்தனை வருஷமாக இதே அச்சில் வார்க்கிறார்களே, யோசிக்கச் சோம்பல்தானே காரணம்?" என்று கேட்கிறீர்கள்.

சில இடங்களில் ஆமாம், சோம்பல்தான். ஆனால் இந்த அச்சுகள் சோம்பலால் பிறந்தவை இல்லை. வேலை நடக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தவை. நான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரன், ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழா என்றால் இரவு வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ பவளக்கொடியோ நடக்கும். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் வந்ததற்குக் காரணம், கம்பெனி என்று ஒன்று இல்லாததுதான். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், கதாநாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, கோமாளியான பபூன் வேறொரு ஊரிலிருந்து. ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்ட், தாளம் எல்லாமே அப்படித்தான். நோட்டீசில் ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே ஊர்ப் பெயரும் பார்ட்டும் போட்டிருக்கும். அன்றைய வள்ளியும் அன்றைய முருகனும் அதற்கு முன் சேர்ந்து நடித்தே இருக்காமலும் போகலாம். கொட்டகையில் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்வார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடியும் வரை நாடகம் நடக்கும்.

எப்படி முடிகிறது? பார்ட்டுதான் காரணம். ராஜபார்ட் என்றால் எந்தக் குரலில் வர வேண்டும், எந்தப் பாட்டோடு மேடை ஏற வேண்டும், எங்கே வசனத்தை நிறுத்தி ஆர்மோனியக்காரருக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் பாடம். கள்ளபார்ட் என்றால் திருடன், முரடன் மாதிரியான வேடங்கள். அவருக்கு வேறு நடை, வேறு சவடால். கூட நடிப்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை, என்ன பார்ட் என்று தெரிந்தால் போதும். நீங்கள் அச்சு என்று சொல்வது, அந்த மேடையில் எழுதப்படாத ஒப்பந்தம்.

இந்த ஏற்பாட்டுக்கு முதுகெலும்பாக இருந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). இன்றைக்கும் அந்த மேடைகளில் பாடப்படும் பாட்டுகளில் பெரும்பகுதி அவருடையது. அவர் காலத்துக்கு முந்தைய மேடையில் நடிகர் இஷ்டத்துக்கு நீட்டியும் குறைத்தும் பேசிக்கொண்டிருந்ததற்கு அவர் ஒரு வரம்பு கட்டினார். 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் சொந்தக் குழு நடத்திப் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான். இப்படிச் சிறுவர்களை வைத்து நடந்த பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்டும் பையன்கள்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் போய்விடும், வேறு பார்ட்டுக்கு மாற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். ஒரு பையனின் பிழைப்பு அவன் தொண்டையில் இருந்தது.

ஆனால் அதே சுவாமிகள், அந்தச் சகோதரர்களில் ஒருவரான சிறுவன் டி.கே. சண்முகத்தின் திறமையைப் பார்த்துவிட்டு, அவன் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தமான செய்தி. பார்ட்டுக்கு ஆளைத் தேடும் உலகத்தில் ஆளுக்காக ஒரு பார்ட்டை எழுதியிருக்கிறார். அச்சு வைத்து வேலை செய்தவர்களுக்கு அச்சை விட்டு வெளியே வரத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, அச்சு இருந்தால் எல்லா வள்ளியும் ஒரே வள்ளியாகத்தானே இருக்கும்? இங்கேதான் வெளியூர்க்காரர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வள்ளி திருமணத்தின் கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேடனாக வந்து, கிழவனாக வந்து, யானை வந்து மிரட்டி, கடைசியில் கல்யாணம். முடிவைத் தெரிந்துகொள்ள யாரும் பாய் விரித்து உட்காருவதில்லை. நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் தர்க்கம் பண்ணுவார் பாருங்கள், அதற்குத்தான் ஊரே கண் விழித்திருக்கும். நாரதர் ஒரு கேள்வி போடுவார். வள்ளி பதில் சொல்லி, பாட்டிலேயே திருப்பி ஒரு கேள்வி போட வேண்டும். அது அன்றைக்கு நடக்கிற தர்க்கம், ஒத்திகை பார்த்தது இல்லை. சில நாரதர் புராணம் கரைத்துக் குடித்தவராக இருப்பார், சில நாரதர் நக்கல் பேர்வழி. வள்ளி மடக்கிவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து விசில் கூட வரும். மறுநாள் டீக்கடையில் பேச்சு, "போன வருஷ நாரதர் மாதிரி வருமா" என்றுதான் இருக்கும். கதையும் பாத்திரமும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் பார்ப்பவன் கவனம் முழுக்க நடிப்பவர் மேல் போகிறது.

இன்னொரு லாபமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. தெரிந்த பாத்திரத்துக்குள் தெரியாத விஷயத்தை ஒளித்து வைக்கலாம். விசுவநாத தாஸ் என்று ஒரு நடிகர், 1886இல் பிறந்தவர். முருகன் வேடம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற நாடகம் அல்லவா, அதில் "கொக்கு பறக்குதடி பாப்பா" என்று பாடுவார். அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், கொட்டகை வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். மேடையில் இப்படிப் பாடியதற்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில் மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் போனது. முருகன் பார்ட்டுக்கென்று ஒரு அச்சு இருந்ததால்தான் அதற்குள் அவரால் இத்தனையும் செய்ய முடிந்தது. புதிதாக ஒரு தேசபக்தன் பாத்திரத்தை எழுதியிருந்தால் கிராமத்துக் கோயில் விழாவில் அது மேடை ஏறியிருக்குமா என்பதே சந்தேகம்.

வடக்கே, தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இதே வேலையை வேறு விதமாகச் செய்வான். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் துரியோதனன் நின்று ஆர்ப்பாட்டம் பண்ணுவான். கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்று "யாருப்பா அது?" என்கிற தோரணையில் கேட்டு அவனை உள்ளே கூட்டி வருவான். அவனே காவல்காரன், அவனே சேவகன், அவனே அவசரத்துக்கு வேறு யாரோ. எல்லாரும் அஸ்தினாபுரத்தில் இருக்கும்போது இவன் மட்டும் நம் ஊரிலும் இருப்பான். தண்ணீர் வராத குழாயைப் பற்றியும் பேசுவான், பஞ்சாயத்து எலெக்‌ஷனைப் பற்றியும் பேசுவான். ராஜாவை அவன் முகத்துக்கு நேரே கிண்டல் பண்ணும் உரிமை அந்த வேடத்துக்கு உண்டு. தனி மனிதனாக அதே ஆள் ஊர்ப் பெரியவர் முன்னால் அப்படிப் பேசிவிட முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. இத்தாலியில் பதினாறாம் நூற்றாண்டில் முகமூடி நாடகக் குழுக்கள் இருந்தன. 1545இல் பதுவா நகரில் ஒரு குழு போட்டுக்கொண்ட ஒப்பந்தப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அங்கேயும் பாத்திரங்கள் அச்சுதான். பந்தலோனே என்றால் வெனிஸ் நகரத்துக் கஞ்ச வியாபாரி, தொத்தோரே என்றால் அரைகுறைப் படிப்பில் அலட்டும் பொலோனியா பண்டிதர், கப்பித்தானோ வீரம் பேசிவிட்டு ஓடுகிற சிப்பாய், அர்லெக்கினோ எப்போதும் பசியோடு அலையும் வேலைக்காரன். வசனம் எழுதி வைக்க மாட்டார்கள். கதைச் சுருக்கம் மட்டும்தான், மற்றது மேடையில். பதினெட்டாம் நூற்றாண்டில் கொல்தோனி என்ற நாடக ஆசிரியர் வந்து முழு வசனத்தையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு முகமூடிகள் மெல்லக் கழன்றன. வசனம் கையில் இருந்தால் அச்சின் தேவை குறைகிறது. நம் பக்கம் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, எழுதிய உரைநடை வசனத்தையும் ஒத்திகையையும் கொண்டுவந்தபோதும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

இதற்கெல்லாம் ஒரு விலையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பார்ட் மனிதரோடு ஒட்டிக்கொண்டுவிடும். அவ்வை வேடம் போட்ட சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார், நவாப் வேடம் போட்ட ராஜமாணிக்கம் நவாப் ராஜமாணிக்கம் ஆனார், சிவாஜி வேடம் போட்ட கணேசனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களுக்கு அது பட்டம். ஸ்பெஷல் நாடகத்தில் ஆரம்பத்தில் பபூனோடு வரும் டான்ஸ் பார்ட் பெண்ணை யோசித்துப் பாருங்கள். ஊரறிய ஒரு ஆணோடு இடித்துக்கொண்டு, சண்டை போட்டு, கேலி பேசி, ஆடுவதுதான் அந்த வேடம். கைதட்டி ரசித்த அதே கூட்டம், விடிந்ததும் பபூனைத் திறமைசாலி என்னும், அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசும். வீடு வாடகைக்குக் கேட்கப் போனாலும் பார்ட் கூடவே வரும். எனக்கு இந்தக் கலையில் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சினிமாவின் காமெடி டிராக் பபூன்–டான்ஸ் ஜோடியின் வாரிசு என்பது என் எண்ணம். தனியாக எடுத்து நடுவில் செருகினாலும் உட்காருகிறது அல்லவா, மேடையிலும் அந்தப் பகுதி முக்கியக் கதைக்கு வெளியேதான் இருந்தது. டிவி சீரியலை நீங்கள் கடுமையாகத் திட்டியிருக்கிறீர்கள். நானும் பார்ப்பதில்லை. ஆனால் அதன் வேலை நிலைமையைப் பாருங்கள். தினமும் ஒரு எபிசோட் போக வேண்டும். நேற்று கரண்ட் போய்ப் பார்க்காதவர் இன்று உட்கார்ந்ததும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். நடுவில் நடிகை விலகிவிட்டால் "இவருக்குப் பதில் இனி இவர்" என்று ஒரு கார்டு போட்டுவிட்டு மறுநாளே கதை ஓடுகிறது. ஆள் மாறலாம், பார்ட் மாறாது. ஸ்பெஷல் நாடகத்தின் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், நாரதர்–வள்ளி தர்க்கம் மாதிரி நடிப்பவர் தன் சரக்கைக் காட்டுவதற்கான இடத்தை எடுத்துவிட்டார்கள். அச்சு மிச்சம், ஆட்டம் காணோம். நமக்குச் சலிப்பு வருவது அதனால்.

சிறுகதை, நாவல் எழுதுகிறவருக்கு இந்தச் சாக்கு எதுவும் கிடையாது. மாதக்கணக்கில் திருத்தலாம், யாரும் மேடையில் காத்திருக்கவில்லை, வாசகர் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே மீசை முறுக்கும் பண்ணையார் வந்தால் நீங்கள் சொல்வது சரி, சோம்பேறித்தனம்தான்.

நேரில் பார்த்து முடிவு செய்ய ஆசை இருந்தால், பங்குனியிலிருந்து வைகாசி வரை புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வாருங்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். வெவ்வேறு ஊரில் வெவ்வேறு செட் நடிக்கும் வள்ளி திருமணத்தை இரண்டு முறையாவது பாருங்கள். ஒரு முறை பார்த்தால் கதைதான் தெரியும். பபூன் முடிந்ததும் தூக்கம் வரும், கிளம்பிவிடாதீர்கள். நாரதர் வருவதற்கு நள்ளிரவு தாண்டிவிடும்.