2021-இல் போட்ட ஊசிக்கு இப்போது பயப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் அப்பச்சிக்கு 72 வயது. சர்க்கரையும் கொஞ்சம் இளைப்பும் உண்டு. கொரோனா சமயத்தில் இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டார். அந்த ஊசியால் ரத்தம் கட்டும் என்று செய்தி படித்ததிலிருந்து, ஃப்ளூ ஊசி என்றாலே எழுந்து போய்விடுகிறார். ஆத்தா அப்போதே ஒன்றுகூடப் போடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோ எல்லாத் தவணையும் போட்டுவிட்டு, தினமும் போனில் சண்டை போடுகிறான். ஒரே வீட்டில் ஏன் இத்தனை விதம்? இப்போது என்ன செய்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அப்பச்சி படித்தது பொய்யில்லை. ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து, கூடவே ரத்தமும் உறையும் அந்தப் பக்கவிளைவு மிக அரிதானது. 2021-லேயே மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். பிரிட்டன் வழக்கு ஒன்றால் 2024-இல் மறுபடி செய்தியானது. அது வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும். பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு. இத்தனை வருடம் கழித்து வராது. அதற்காக, ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் பரிசோதனை வேண்டாம். தானாக ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிடுவது அதைவிட வேண்டாம், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

அடுத்து, உங்கள் வீட்டுச் சண்டை. அது ஊர் முழுக்க நடந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி காலமானார். காரைக்குடிப் பக்கம் அதன்பின் நர்ஸுகள் கோவிஷீல்டு குப்பியைத் திறக்கவே யோசித்தார்கள். ஒரு குப்பி பத்துப் பேருக்கு; திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வந்திருப்பதோ மூன்று பேர். விவேக்கின் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று, ஊசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். அதை எத்தனை பேர் படித்தார்கள்? இதற்கிடையே மே மாதம் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனதும், ஊசி போடும் அதே இடத்து வாசலில் விடியற்காலையிலேயே டோக்கனுக்குத் தள்ளுமுள்ளு.

சிங்கப்பூர், மலேசியா போக வேண்டியவர்கள் கோவிஷீல்டுதான் வேண்டும் என்று நின்றார்கள். கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது நவம்பர் 3-இல்தான். அவர்கள் கணக்கு சரி. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, "ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா கூலியை நீங்க தருவீகளா?" என்றார். அதுவும் நியாயமான கேள்வியே. இதைப் படிப்பறிவில்லாமை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல்: 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ஊரறிய எதிர்த்தவர் ராஜாஜி.

ஆகவே தம்பியைக் கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல்லுங்கள். ஆத்தாவிடம் எது பயம் என்று கேளுங்கள்: காய்ச்சலா, மாரடைப்பா, இல்லை "வயசான கட்டைக்கு எதுக்கு" என்ற எண்ணமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அப்பச்சிக்கு ஃப்ளூ ஊசி அவசியம். சர்க்கரையும் இளைப்பும் உள்ளவர்களை ஃப்ளூ நிமோனியா வரை இழுத்துவிடலாம். இங்கே போடும் ஃப்ளூ ஊசி பெரும்பாலும் செத்த கிருமியில் செய்தது, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது. கை வலி, ஒரு நாள் உடம்புவலி இருக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். பலன் தர இரண்டு வாரம் ஆகும். நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் ஊசி பற்றியும் அப்போதே கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்திருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் போட வேண்டாம். அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.