வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை: சுமை யார் தலையில்?

வாக்களிக்க வருபவர் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. தகுதியுள்ள வாக்காளரை அது வதைக்கிறதா என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். என் பதில்கள் இதோ.

கேள்வி: சார், இந்தியாவிலும் அட்டை காட்டித்தானே ஓட்டுப் போடுகிறோம்? அங்கே மட்டும் ஏன் இத்தனை வழக்கு?

பதில்: இங்கே வாக்காளர் அட்டையைத் தருவதே தேர்தல் ஆணையம்தான். தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், 1993இல் வந்தது. அது கையில் இல்லாவிட்டாலும், பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக் என்று ஏதாவது ஒன்று போதும். அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான தேசிய அட்டை கிடையாது. பெரும்பாலானோர் ஓட்டுநர் உரிமத்தைத்தான் நீட்டுகிறார்கள். கார் ஓட்டாத முதியவரும் ஏழையும் மாற்றுத்திறனாளியும் தனியாக அலைய வேண்டியிருக்கிறது.

கேள்வி: அட்டை இலவசம் என்கிறார்களே, அப்புறம் என்ன சுமை?

பதில்: அட்டை இலவசம், சரி. அதை வாங்கக் கேட்கும் பிறப்புச் சான்றிதழுக்குக் காசு. இண்டியானா மாநிலத்தின் அட்டைச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தபோது அங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் 3 முதல் 12 டாலர் வரை வாங்கினார்கள். பணத்தைவிட அலைச்சல்தான் பெரிது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண், திருமணச் சான்றிதழையும் தேட வேண்டும். தென் மாநிலங்களின் கறுப்பின முதியவர்களில், வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பே பதிவாகாதவர்கள் உண்டு. அட்டை இல்லாமல் வந்தால் இண்டியானாவில் தற்காலிக வாக்குதான். அது எண்ணப்பட வேண்டுமானால் 10 நாளுக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு நடை.

2008 மே மாதம் அதே இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். கன்னியர் மடத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி. எண்பது, தொண்ணூறு வயதுக் கன்னியாஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிலர் கையில் காலாவதியான பாஸ்போர்ட். திருப்பி அனுப்பியவரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரி. வந்தவர்கள் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், ஆனால் சட்டம் அட்டையைத்தான் கேட்டது.

கேள்வி: அமெரிக்க உச்ச நீதிமன்றம் இண்டியானாவின் அந்தச் சட்டம் செல்லும் என்றதே?

பதில்: ஆமாம், அதற்கு முந்தைய வாரம்தான், 6க்கு 3 என்று. அட்டைக்காக அலைவது பெரும்பாலானோருக்குக் கணிசமான சுமை ஆகாது, பாதிக்கப்படுவோர் எத்தனை பேர் என்பதற்கும் ஆதாரம் தரப்படவில்லை என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். ஆனால் சாவடியில் ஆள்மாறாட்டம் இண்டியானாவில் எப்போதாவது நடந்ததாக வழக்கு ஆவணங்களில் எதுவும் இல்லை என்பதையும் அவரே எழுதினார். இரு பக்கமும் ஆதாரம் இல்லாதபோது அலைய வேண்டியவர் வாக்காளர் என்று ஆனது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: கள்ள ஓட்டைத் தடுக்க வேண்டாமா?

பதில்: கட்டாயம் தடுக்க வேண்டும். ஆனால் இந்த அட்டை பிடிப்பது, இன்னொருவர் பெயரில் சாவடிக்கு வருபவரை மட்டும்தான். சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரை பதிவான 100 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் தேடி, நம்பத்தக்கதாகக் கண்டவை 31 சம்பவங்கள். தபால் வாக்கு மோசடி சாவடி அட்டையில் சிக்காது.

கேள்வி: வாக்குப்பதிவு உண்மையில் குறைந்ததா?

பதில்: ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2014இல், கான்சாஸிலும் டென்னசியிலும் சுமார் 2 முதல் 3 சதவீதப் புள்ளி சரிந்ததாகச் சொன்னது. 2008 முதல் 2018 வரை நாடு முழுவதும் பார்த்த கான்டோனி, பொன்ஸ் இருவரும் சரிவு ஏதும் தெரியவில்லை என்று 2021இல் எழுதினார்கள். லட்சக்கணக்கானோர் வாக்கிழந்தார்கள் என்று முழங்குபவர்கள் இதையும் படிக்க வேண்டும். அதே சமயம், இரண்டு பஸ் மாறிப் போய் அட்டை வாங்கி வாக்களித்தவரின் சிரமம் எந்தச் சதவீதத்திலும் தெரியாது.

கேள்வி: அப்படியானால் அட்டையே கேட்கக் கூடாதா?

பதில்: கேட்கலாம். எதை ஏற்கிறார்கள், இல்லாதவருக்கு என்ன வழி என்பதுதான் என் கவலை. டெக்சாஸின் 2011 சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய 6 லட்சம் பேரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லை என்பது வழக்கில் வெளிவந்தது. சட்டத்தின் விளைவு சிறுபான்மையினருக்குப் பாரபட்சமானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் சொன்னது. அதன் பிறகு, ஏன் அட்டை வாங்க முடியவில்லை என்று உறுதிமொழிப் படிவத்தில் எழுதிக் கொடுத்து, மின் கட்டண ரசீது போல ஒன்றைக் காட்டினால் அங்கே வாக்களிக்கலாம். அட்டை கேட்கும் எல்லா மாநிலமும் இந்தப் படிவத்தை மேசையில் வைத்திருக்க வேண்டும்.