ஸ்டடி லீவில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

அன்புள்ள மேடம்,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பயோ-மேத்ஸ் குரூப். செய்முறைத் தேர்வெல்லாம் முடிந்து இப்போது ஸ்டடி லீவு. பொதுத்தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவனோ நன்றாகத் தூங்குகிறான்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கேபிளை நிறுத்தியாயிற்று. ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு டீ போட்டு எழுப்பினால், டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் படிப்பு ஏறுகிறதாம். அதுவும் என்ன படிப்பு? பத்து நிமிடம் புத்தகத்தைப் பார்ப்பான். அப்புறம் மூடி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். என்னடா என்று கேட்டால், "மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேம்மா" என்கிறான். நாங்கள் படிக்கும்போது தெருக்கோடி வரை சத்தம் கேட்கும்.

இவன் முதலில் இப்படி இல்லை. ஜனவரியில் நடந்த முதல் திருப்புதல் தேர்வில் கணக்கில் 90க்கு 81 வாங்கினான். பிப்ரவரியில் இரண்டாவது திருப்புதலில் அதே கணக்கில் 58. இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட் ஆஃபில் கணக்குக்குத்தானே முழு நூறு? என் நாத்தனார் மகள் போன வருஷம் 571 எடுத்தாள். அவர்கள் வீட்டில் பிள்ளைக்காக யாரும் லீவு போடவில்லை என்பதை நாத்தனார் வாரம் ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்துகிறார். என் கணவரோ, "படிக்கிறவன் படிப்பான், விடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். எல்லாம் என் தலையில்தான்.

போன் தான் பெரிய தலைவலி. மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தேன். நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. எங்கள் அம்மா நம்பருக்குத்தான் நாலைந்து தடவை கூப்பிட்டிருந்தான். அம்மா புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, கால் விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. இவனிடம் சொல்லவில்லை. அஞ்சாவது வரைக்கும் அம்மாச்சியிடம்தான் வளர்ந்தான், தெரிந்தால் பரீட்சை எழுத மாட்டான். அதனால் போன் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தம்பியிடம் சொல்லி அதை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருதடவை ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அதன்பிறகு நானும் போகவில்லை. போனால் இவனுக்குச் சந்தேகம் வரும். தம்பி மனைவி, "ஒருதடவை வந்துட்டுப் போங்கக்கா" என்கிறாள். பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறேன். அது இருக்கட்டும்.

போனை அடியோடு வாங்கி வைத்துவிடலாமா? அவனை எப்படி உட்கார வைப்பது? இவனுக்காக நான் எதையெல்லாம் விட்டேன் என்று கொஞ்சமாவது இவனுக்குப் புரிய வைப்பது எப்படி?

– பெயர் வேண்டாம், திருச்சி

*

அன்பான சகோதரிக்கு,

விட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை நினைவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்ல படிப்பு முறைகளில் ஒன்று. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அடுத்தது அந்த நான்கு மணி டீ. பதினாறு, பதினேழு வயதில் தூக்கம் வரும் நேரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகும், அது சோம்பேறித்தனம் இல்லை. தேர்வு காலை பத்து மணிக்கு ஆரம்பித்து 1.15க்கு முடிகிறது. நான்கு மணிக்கே எழுந்தவன், ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு வரும் நேரத்தில் களைத்துப்போவான். ஆறு மணிக்கு எழுப்புங்கள், போதும்.

சரி, இனி கடிதத்துக்கு வருவோம்.

நாத்தனாருக்கும் கேபிளுக்கும் நிறைய வரிகள் கொடுத்த நீங்கள், உங்களைப் பெற்றவர் படுக்கையில் கிடப்பதைப் போன் பற்றிய புகாருக்கு நடுவே செருகிவிட்டு, "அது இருக்கட்டும்" என்று நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

தேதிகளைப் பாருங்கள். முதல் திருப்புதலில் 81, இரண்டாவதில் 58. இரண்டுக்கும் நடுவே பொங்கல். உங்கள் மகனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏதோ இருக்கிறது என்பது தெரியும். அம்மாச்சி போன் அணைந்து கிடக்கிறது. அம்மா வழக்கமாக ஊருக்குப் பேசும் நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார், அல்லது குரலைத் தாழ்த்துகிறார் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தானே?). ஒரு போனை ரிப்பேர் பார்க்க ஒன்றரை மாதம் ஆகுமா என்று கணக்குப் படிக்கிற பையனுக்குத் தோன்றாதா? மொட்டை மாடியில் நின்று எடுக்காத நம்பருக்கு நாலைந்து முறை கூப்பிட்டவன், உங்களிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சங்கடத்தை உங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றிருக்கலாம். பிள்ளைகள் நம்மிடமிருந்தும் மறைப்பார்கள், நம் நன்மைக்காகவே.

தெரிந்துகொண்ட துக்கம் அழுதால் கொஞ்சம் இறங்கும். தெரியாத பயம் இறங்காது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு கணக்கின் மூன்று படிகளைச் சேர்த்துப் பிடிக்கிற இடத்தையே அதுவும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மனக்கவலை வந்தால் கணக்கு முதலில் அடிவாங்குகிறது. 58க்கு வேறு காரணமும் இருக்கலாம், ஒரே வினாத்தாளை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் "தெரிந்தால் எழுத மாட்டான்" என்ற உங்கள் வாதத்துக்கும் அந்த மதிப்பெண் சாட்சி சொல்லவில்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கோபம் வரவழைக்கலாம். நீங்கள் இதை முழுக்க அவனுக்காகத்தான் மறைத்தீர்களா? கிராமம் அதிகம் போனால் இரண்டு மணி நேரப் பயணம். "ஆபீஸ் வேலை" என்று சொல்லி ஒருமுறை போன உங்களுக்கு, இரண்டாவது முறை காரணம் கிடைக்காமல் போயிற்று என்பதை நான் நம்பவில்லை. குழறுகிற அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்கிற தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். அது குற்றமில்லை. அம்மாவை அப்படிப் பார்க்க யாருக்குத்தான் முடியும்? ஆனால் அந்தப் பயத்துக்குப் பையனின் பரீட்சை நல்ல மறைவிடமாகிவிட்டது. பரீட்சை என்று சொன்னால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. உங்கள் தம்பி மனைவியைத் தவிர.

"இவனுக்காக எதையெல்லாம் விட்டேன்" என்று கேட்டீர்களே, அந்தப் பட்டியலில் பெரியதை நீங்கள் எழுதவே இல்லை. இவனுக்காக அம்மாவை விட்டிருக்கிறேன், இவன் தூங்குகிறானே என்பதுதான் உங்கள் கோபம். அவன் கேட்காத தியாகம் அது. அவன் பெயரைச் சொல்லி அவனுக்கே தெரியாமல் செய்தது. அந்தக் கடனை அவன் 600க்கு எத்தனை எடுத்து அடைப்பான்?

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தபோதுதான், தாத்தா இறந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால் அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான். "எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்க மேடம். நான் மட்டும் அன்னைக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவிடம் பேச அவனுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

உங்கள் அம்மா இருக்கிறார். குழறினாலும் பேசுகிறார். ஒரு பாடத்தில் குறைந்துபோனால் துணைத் தேர்வு இருக்கிறது, அடுத்த வருஷம் இருக்கிறது. அவன் வளர்ந்த மடிக்கு அந்த வசதி கிடையாது.

நாளைக்கு முதலில் நீங்கள் தனியாகப் போய்விட்டு வாருங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதை அங்கேயே அழுதுவிடுங்கள். திரும்பி வந்து அன்று ராத்திரியே, அவனுக்குப் படிப்பு ஏறுகிற அந்தப் பதினோரு மணிக்கு முன்னால், சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அம்மாச்சிக்குப் பொங்கலுக்கு அப்புறம் பக்கவாதம் வந்துச்சுடா. நான் உன்கிட்ட மறைச்சிட்டேன். அது தப்பு" என்றால் போதும். கடைசி இரண்டு வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். அவன் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். "பரீட்சை நேரத்துல அழாதே" என்று மட்டும் வேண்டாம். உங்கள் கணவரையும் அன்று கடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். "விடு" என்பதைத் தாண்டி அவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஓரிரு நாள் படிப்பு ஓடாது. பத்து நாளில் இரண்டு நாள் போகும், போகட்டும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் அவன் தேறவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போகிறது என்றால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அந்த நிமிடமே, 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

போனை வாங்கி வைக்க வேண்டாம். உங்கள் தம்பியிடம் சொல்லி அம்மாவின் போனைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அவன் கூப்பிடும்போது யாராவது எடுத்து அவர் காதோரம் பிடிக்கட்டும்.

சொன்ன மறுநாள் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுங்கள். பஸ்ஸில் படிக்க அவன் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தால் வைக்கட்டும். நீங்கள் எடுத்து வைக்காதீர்கள்.